‘மிஸ்ஸி, எனக்குத் தலை சுத்தும்’: ஊசிக்கும் இரத்தத்துக்கும் பயந்தவர்களுக்கு

மழைக்காலம் தொடங்கினால் திருகோணமலையில் காய்ச்சல் எட்டிப் பார்க்காத வீடு குறைவு. மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லையென்றால் எந்த டொக்டரிடம் போனாலும் முதல் கேள்வி, “எஃப்.பி.சி. செய்தீங்களா?” என்பதுதான். இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் சோதனை அது. டெங்குவா என்று பார்க்க இரத்தம் எடுத்தே ஆக வேண்டும். ஊசிக்குப் பயந்த ஆள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார். “இண்டைக்குக் கொஞ்சம் பரவாயில்லை, நாளைக்குப் பார்ப்பம்” என்று தள்ளிப்போடுகிறார். டெங்குவில் அந்த ஒரு நாள் சின்ன விஷயமில்லை.

நானும் அப்படித் தள்ளிப்போட்டவன்தான். பதினேழு வயதில் காலில் ஆணி ஏறி ஏற்பு ஊசி போடப் போனேன். ஊசி போடும்வரை ஒன்றும் ஆகவில்லை. எழும்பி வெளியே வந்து, மருந்து எடுக்கும் வரிசையில் நின்றபோது காது அடைத்தது. கண் முன்னே தொலைக்காட்சியில் புள்ளி விழுவதுபோல விழுந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது சீமெந்துத் தரையும், என்னைச் சுற்றி நின்ற பத்துப் பதினைந்து சோடிச் செருப்புகளும்தான். மூக்குக் கண்ணாடி இரண்டு துண்டு. “ஆம்பிளைப் பிள்ளை, இதுக்குப் போய்…” என்று யாரோ சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது.

அதன் பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஊசி இருக்கும் பக்கமே போகவில்லை. இப்போது போகிறேன். என்ன செய்தேன் என்பதை, இந்தப் பயத்தோடு இப்போதுதான் மல்லுக்கட்டத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், உங்கள் பயம் எது?

ஊசிப் பயம் என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம். உள்ளே இரண்டு சாமான் இருக்கிறது. ஒன்று வலிக்குப் பயம். நெஞ்சு படபடக்கும், அழுகை வரும், ஓடத் தோன்றும், ஆனால் விழமாட்டார்கள். மற்றது மயக்கம். ஊசியையோ இரத்தத்தையோ காயத்தையோ கண்டால், சிலருக்கு ஒப்பரேஷன் கதையைக் கேட்டாலே, தலை சுற்றும்.

இந்த வித்தியாசம் முக்கியம். கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று கீழே கடலைப் பாருங்கள். உயரத்துக்குப் பயந்தவருக்குக் கால் உதறும், நெஞ்சு அடிக்கும். ஆனாலும் மயங்குவது அபூர்வம், ஏனென்றால் அந்தப் பயத்தில் இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரத்தப் பயம் வேறு மாதிரி. முதலில் மற்றப் பயங்களைப் போலவே இதயத் துடிப்பும் அழுத்தமும் கொஞ்சம் ஏறும். பிறகு, சில விநாடிகளிலோ சில நிமிடங்களிலோ, இரண்டும் சடாரென்று விழும். மூளையிலிருந்து வயிறு வரை போகும் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கிவிடுகிறது. கால் பக்கத்து இரத்தக் குழாய்கள் விரிந்துகொள்கின்றன. இரத்தம் கீழே தங்கிவிட, மூளைக்குப் போவது குறைகிறது. ஆள் விழுகிறார். படுத்தவுடன் இரத்தம் தலைக்கு வந்துவிடுவதால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்ளேயே கண் திறக்கிறார்.

இதில் மனத்தைரியத்துக்கு வேலை குறைவு. குடும்பத்திலும் ஓடுகிற குணம் இது. எங்கள் மாமா ஒருவர் நடுக்கடலில் புயலைப் பார்த்தவர், கோழி அறுக்கும்போது வீட்டுக்குள் போய்விடுவார். உங்கள் வீட்டிலும் விசாரித்துப் பாருங்கள், ஒருவராவது அகப்படுவார்.

ஆக, நீங்கள் எப்போதாவது ஊசியாலோ இரத்தத்தாலோ மயங்கியிருந்தால், அல்லது கண் இருண்டு மயிரிழையில் தப்பியிருந்தால், அடுத்த பகுதி உங்களுக்குத்தான். வலிக்கு மட்டும் பயந்தவர்கள் அதைத் தாண்டிப் போகலாம்.

இறுக்கிப் பழகுதல்

ஊசி போடும் இடத்தில் எல்லாரும் சொல்வது, “உடம்பைத் தளர விடுங்கோ, மூச்சை ஆழமாக எடுங்கோ.” நல்ல மனதோடு சொல்கிறார்கள். மயங்குகிற ஆளுக்கு இது தலைகீழான புத்திமதி. அழுத்தம் ஏற்கெனவே விழப்போகிறது, உடம்பையும் தளர விட்டால் அதற்குக் கதவு திறந்து விடுவதுபோல. மூச்சை வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் அதிலேயே தலை சுற்றும்.

நமக்கு வேண்டியது இறுக்கம். 1980களில் சுவீடன் உளவியலாளர் லார்ஸ் யோரான் ஊஸ்ட் இந்த வகைப் பயத்துக்கென்றே தசைகளை இறுக்கும் பயிற்சியை முறைப்படுத்தினார். இன்றைக்கும் இதற்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். செய்வது இப்படி:

கதிரையில் நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு கையையும் பொத்திப் பிடித்து, கை, வயிறு, பிட்டம், தொடை, கெண்டைக்கால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறுக்குங்கள். பாரமான அரிசி மூட்டையைத் தூக்கப் போகிறவர் போல. மூச்சை அடக்க வேண்டாம், அது ஓடிக்கொண்டே இருக்கட்டும். பத்துப் பதினைந்து விநாடியில் முகத்தில் மெல்லச் சூடு ஏறும். அந்தச் சூடுதான் அடையாளம், அழுத்தம் ஏறியிருக்கிறது. இப்போது விடுங்கள். தொப்பென்று சரிய விடாமல், சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் நிலைக்கு வந்தால் போதும். இருபது, முப்பது விநாடி பொறுத்து மறுபடி இறுக்குங்கள். இப்படி ஐந்து தடவை செய்தால் ஒரு சுற்று.

ஒரு நாளைக்கு ஐந்து சுற்று, ஒரு வாரம். கேட்கப் பெரிதாக இருக்கும். ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம் கூடப் போகாது. நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில், நிலாவெளி வீதியில் குலுங்கிக்கொண்டே செய்தேன். பக்கத்தில் இருந்தவர் எனக்கு வயிற்றுக் கோளாறு என்று நினைத்திருப்பார். செய்து தலையிடி வந்தால் நீங்கள் அளவுக்கு மீறி இறுக்குகிறீர்கள், கொஞ்சம் குறையுங்கள்.

ஒரு வாரம் கழிந்ததும் இன்னொன்றைப் பழக வேண்டும்: ஒரு கையை மட்டும் தளர விட்டு மற்றதையெல்லாம் இறுக்குவது. ஊசி ஏறும் கை இறுகியிருந்தால் வலி கூடும், ஊசி போடும் மிஸ்ஸிக்கும் (தாதிக்கும்) கஷ்டம். இடது கையை மேசையில் துணி போலக் கிடத்திவிட்டு, வலது கையையும் கால்களையும் வயிற்றையும் மட்டும் இறுக்கிப் பாருங்கள். முதல் இரண்டு நாள் சிரிப்பாக இருக்கும், பிறகு வந்துவிடும்.

பிரஷர், இதய வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடங்குமுன் தங்கள் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ மயங்குகிறவர்கள், மயங்குமுன் நெஞ்சு நோகிறவர்கள், ஊசி இரத்தம் ஒன்றுமே இல்லாமல் விழுகிறவர்கள் ஆகியோருக்கும் இந்தக் கட்டுரை போதாது. அவர்கள் இதயத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மீன் சந்தையிலிருந்து ஏறுதல்

இறுக்கம் கையில் வந்துவிட்டது. இனிப் பயத்தின் பக்கம் போக வேண்டும், ஒவ்வொரு படியாக. ஒரு தாளில் உங்களுக்குப் பயமானவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து பத்து வரை புள்ளி போடுங்கள். குறைந்த புள்ளியிலிருந்து தொடங்குங்கள். ஒரு படியில் நின்று, இறுக்கி விட்டு, இறுக்கி விட்டு, பயம் பாதியாகக் குறையும்வரை அங்கேயே இருங்கள். உச்சத்தில் இருக்கும்போது விட்டு ஓடினால் உடம்பு ஓடுவதைத்தான் படித்துக்கொள்ளும்.

என் தாளில் இருந்ததைச் சொல்கிறேன். ‘ஊசி’ என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்வது, இரண்டு புள்ளி. சிரிக்க வேண்டாம், எனக்கு அப்படித்தான் இருந்தது. ஃபோனில் ஊசியின் படம், மூன்று. சந்தையில் சூரை மீன் வெட்டுவதைப் பார்ப்பது, நாலு. இதை எந்த டொக்டரும் சொல்லித் தரவில்லை, எங்கள் ஊர்க்காரனுக்குச் சும்மா கிடைத்த வசதி. சூரையின் தசை கருஞ்சிவப்பு. பலகை முழுக்க இரத்தம் ஓடும், வெட்டுகிறவர் வாளியில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார், மறுபடி ஓடும். காலையில் போய் அரைக் கிலோ வாங்குவதாகச் சொல்லிவிட்டு நின்று பார்த்தேன். மூன்று தடவை போன பிறகு அலுப்புத் தட்டியது. அலுப்புத் தட்டினால் அந்தப் படி முடிந்தது என்று அர்த்தம். சிலருக்கு மீன் இரத்தம் ஒன்றும் செய்யாது, மனித இரத்தம்தான் பிரச்சினை. அவர்கள் இந்தப் படியை விட்டுவிடலாம்.

அடுத்தது, ஃபார்மசியில் ஊசி பூட்டாத வெறும் சிரிஞ்ச் ஒன்று வாங்கி வீட்டு மேசையில் வைப்பது, கையில் எடுப்பது, முழங்கை மடிப்பில் வைத்து அழுத்துவது. ஐந்து, ஆறு புள்ளி. பிறகு இரத்தம் எடுக்கும் காணொளி. பிறகு, சீனி வருத்தத்துக்கு அம்மா வீட்டில் விரல் குத்திப் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பது. அம்மாவுக்கு நான் வந்து உட்கார்ந்ததே அதிசயம். பிறகு அவருக்குத் துணையாகக் கிளினிக் போய், அவருக்கு இரத்தம் எடுப்பதைப் பார்ப்பது. எட்டு. அன்றைக்குக் கை காலெல்லாம் வேர்த்தது, ஆனால் விழவில்லை.

திருவிழாவில் முதுகில் கொக்கி குத்திய செடில் காவடி வரும்போது நான் இன்னும் நிலத்தைத்தான் பார்க்கிறேன். அது என் தாளில் இல்லை, இருக்கவும் தேவையில்லை. வாழ்க்கைக்கு எது வேண்டுமோ அதை மட்டும் எழுதுங்கள்.

தனியாக ஏற முடியவில்லையென்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம். மனநலப் பிரிவு என்றதும் ஊர் என்ன சொல்லுமோ என்று யோசிக்கிறோம். ஊர் அப்படித்தான், அதற்காக டெங்குவோடு வீட்டில் கிடக்க முடியாது.

ஊசி நாள்

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். எஃப்.பி.சி.க்கு வெறும் வயிறு தேவையே இல்லை. வெள்ளிக்கிழமை விரதமென்றால், அவசரமில்லாத சோதனையை சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். சீனி பார்க்கும் சோதனைக்கு எட்டு மணிநேரத்துக்குக் குறையாமல் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள். அதற்கும் வெறும் தண்ணீர் குடிக்கலாம். பலர் தண்ணீரும் கூடாதென்று நினைத்து, காய்ந்துபோய் வந்து விழுகிறார்கள். புறப்படுவதற்கு அரைமணி நேரத்துக்கு முன் அரை லீற்றர் தண்ணீர் குடியுங்கள். அழுத்தம் விழாமல் இருக்க அது உண்மையாகவே உதவும், நரம்பும் நன்றாகத் தெரியும். சாப்பிடாமல் போகிறவர்கள் பிஸ்கட்டோ வாழைப்பழமோ பையில் வைத்திருங்கள், இரத்தம் எடுத்தவுடன் சாப்பிட.

இனி இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைப்பேன் என்றால், இதை வையுங்கள்: ஊசி எடுப்பதற்கு முன்னரே சொல்லிவிடுங்கள். “மிஸ்ஸி, எனக்கு இரத்தம் எடுத்தா மயக்கம் வரும், முந்தியும் விழுந்திருக்கிறன். படுத்துக்கொண்டு எடுக்கலாமா?” இவ்வளவுதான். நான் முதல் தடவை இப்படிக் கேட்டபோது அந்த மிஸ்ஸி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அதுக்கென்ன தம்பி, அந்தக் கட்டில்ல படுங்கோ” என்றார். பத்து வருடம் மறைத்த இரகசியம் அவருக்கு அன்றாடச் சங்கதி. நம்மூரில் இரத்தம் எடுக்கிறவர் சிங்களம் மட்டும் தெரிந்தவராகவும் இருக்கலாம். அப்போது, “மட்ட கிளாந்தே ஹெதெனவா” என்றால் போதும். மயக்கம் வருகிறது என்பதற்கு அவர்கள் சொல்வது அது, உடனே கட்டிலைக் காட்டுவார்கள்.

கட்டில் இல்லாத சின்ன லாப் என்றால் கதிரையில் சாய்ந்து, காலைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்குங்கள். நரம்பு தெரிய மேல்கையில் இறுக்கும் பட்டியை (டூர்னிக்கே) கட்டும்போதே ஒரு கையைத் தளர விட்டு மற்றதை இறுக்கத் தொடங்குங்கள், பஞ்சு வைத்து அழுத்தும்வரை விட்டு விட்டுத் தொடருங்கள். பார்க்க விருப்பமில்லையென்றால் முதல் சில தடவை பார்க்க வேண்டாம், சுவரில் இருக்கும் நுளம்பு ஒழிப்பு போஸ்டரை வாசியுங்கள். ஊசி ஏறும் கணத்தில் ஒரு தரம் இருமினால் குத்துவது குறைவாகத் தெரியும். இது வலிக்குப் பயந்தவர்களுக்கும் உதவும், ஆனால் இருமப் போகிறேன் என்று மிஸ்ஸியிடம் சொல்லிவிட்டு இருமுங்கள்.

எவ்வளவு எடுக்கிறார்கள்? எஃப்.பி.சி.க்கு இரண்டு, மூன்று மில்லிலீற்றர். தேக்கரண்டியில் பாதியளவு. நம் உடம்பில் ஓடுவது ஏறக்குறைய ஐந்து லீற்றர். குழாய்க்குள் நிறைந்து தெரிவதால்தான் அது குடம் போலத் தோன்றுகிறது.

வார்ட்டில் தங்க நேர்ந்தால் கையில் கனுலா ஏற்றுவார்கள். நாள் முழுக்க ஊசி கைக்குள்ளேயே இருக்கிறது, அசைந்தால் குத்திவிடும் என்று பயந்து கையை மரம்போல வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஊசி இல்லை. ஏற்றியவுடனேயே ஊசியை உருவி எடுத்துவிடுவார்கள். இருப்பது வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய். இதை அறிந்த அன்றைக்கே எனக்குப் பாதிப் பயம் போனது.

முடிந்த பிறகுதான் கவனம்

என்னைப் போல முடிந்தபின் விழுகிறவர்கள் நிறைய. பதினைந்து நிமிடம் படுத்தோ உட்கார்ந்தோ இருங்கள். எழும்பும்போது தொடையை இறுக்கிக்கொண்டு எழும்புங்கள். உடனே மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள்.

கொட்டாவி, குளிர் வேர்வை, குமட்டல், காது அடைப்பு, கண் ஓரம் இருளுதல் எல்லாம் முன்னறிவிப்பு. வந்தால் மரியாதை பார்க்காமல் அந்த இடத்திலேயே படுங்கள். படுக்க இடமில்லையா, குந்துங்கள். குந்தினால் காலில் தங்கிய இரத்தம் மேலே ஏறும். விழுந்தாலும் அந்த உயரத்திலிருந்து பெரிதாக அடிபடாது. செருப்புக் கட்டுவதுபோல நடித்தால் யாருக்கும் தெரியாது, நான் செய்திருக்கிறேன்.

கூடப் போகிறவர்களுக்கு: விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள், கதிரையில் உட்கார வைக்காதீர்கள். மல்லாக்கப் படுக்க விட்டுக் காலை உயர்த்திப் பிடியுங்கள். மயக்கத்தில் கை கால் இரண்டொரு தடவை வெட்டி இழுக்கலாம். உடனே வலிப்பு என்று கையில் திறப்புக் கொத்தைத் திணிக்க ஓடிவருவார்கள், விடாதீர்கள். முழுதாக நினைவு வரும்வரை வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றக் கூடாது. ஓரிரு நிமிடத்தில் தெளியவில்லையென்றாலும், தலை அடிபட்டிருந்தாலும், வெளியிடமென்றால் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

“சேட்டை விட்டா டொக்டர் ஊசி போடுவார்.” இதை நிறுத்துங்கள். சோறு தின்னாததற்கும் ஊசி, தூங்காததற்கும் ஊசி என்று ஐந்து வருடம் சொல்லிவிட்டு, ஆறாம் வருடம் “ஊசிக்கு ஏன் பயம்?” என்று கேட்டால் பிள்ளை என்ன செய்யும்? ‘வலிக்காது’ என்ற பொய்யும் வேண்டாம். “எறும்பு கடிக்கிற மாதிரி ஒருக்கா நோகும், பிறகு நிற்கும்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். நாலு பேர் பிடித்து அமத்துவதைவிட, மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக் கட்டிப்பிடிப்பது நல்லது. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஊசி போடலாமா என்று கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசியும், ஏழாம் வகுப்பில் எல்லாருக்கும் ஏற்பு, தொண்டைக்கரப்பன் ஊசியும் போடுவார்கள். வரிசையில் ஒரு பிள்ளை மயங்கினால் பின்னால் நிற்கும் இரண்டு மூன்று பேர் வெளிறிப்போவார்கள். உங்கள் பிள்ளைக்கு இந்தக் குணம் இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்னரே சொல்லி, வரிசையில் முதல் ஆளாக அனுப்பச் சொல்லுங்கள். காத்திருக்கும் நேரத்தில்தான் பயம் வளர்கிறது. காலையில் சாப்பிடாமல் அனுப்பவும் கூடாது.

பழக்கம் விட்டுப்போனால்

ஒரு வருடம் ஊசி இல்லாமல் இருந்தால் பயம் கொஞ்சம் திரும்பி வரும். எனக்கு வந்தது. மூன்று நாள் இறுக்கிப் பழகி, சிரிஞ்சை மேசையில் எடுத்து வைத்து, ஒரு தடவை சந்தைக்கும் போய்வந்தேன். இரண்டாம் தடவை ஏறுவது முதல் தடவை போல நாள் எடுக்காது.

கையில் ஒட்டிய பஞ்சைப் பலர் அடுத்த நாள் குளிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு பிய்த்து எறிகிறார்கள். குளியலறைத் தரை ஈரம், அங்கே விழ வேண்டாம். கட்டிலில் உட்கார்ந்து, காலை இறுக்கிக்கொண்டு எடுத்துப் பாருங்கள். நடுவில் மிளகளவு காய்ந்த புள்ளி ஒன்று இருக்கும். அதையும் தாளில் ஒரு படியாக எழுதலாம், எனக்கு அது மூன்று புள்ளி.